நேரலையில் திறக்காத குக்கர்

மலேசியாவின் ஈப்போ நகரில் நான் வேலை செய்யும் பாத்திரக் கடையில் வாரம் ஒருமுறை முகநூல் நேரலையில் விற்பனை நடக்கும். பேசி விற்பவர் ஸ்டெல்லா அக்கா. முன்பு தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தவர், வாய்ப்பு குறைந்ததும் விளம்பரத்துக்கு வந்தவர். பக்கத்தில் நின்று பொருளைக் காட்டும் ஐம்பது வயது மாடல் அழகன் நான்தான்.

அன்று பிரஷர் குக்கரில் கோழிக்கறி. அடுப்பை அணைத்ததுமே, "திறந்து காட்டுங்க" என்று பார்வையாளர்கள் எழுதித் தள்ளினார்கள். மூடி அசையவில்லை. மானம் போகிறதே என்ற பதற்றத்தில், பூட்டை உடைக்கும் திருடனைப் போல இரண்டு கையாலும் முறுக்கினேன்.

அக்கா சிரித்த முகம் மாறாமல் என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"கைய எடு தம்பி! உள்ள இன்னும் ஆவி இருக்குலா. மூஞ்சி வெந்துரும்!"

உடனே கேமரா பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இந்த அண்ணன் மாடு மாதிரி இழுத்தும் திறக்கல. ஆவி அடங்குனாதான் திறக்கும். அவ்வளோ பத்திரம்லா!"

அன்று குக்கர் அத்தனையும் விற்றுப்போனது. என் முகமும் பிழைத்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்று மனைவி சொன்னாலும், என்னிடம் இருப்பது அந்த ஒரு முகம்தான். அக்காவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

இப்போதெல்லாம் ஆவி முழுக்க அடங்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் சரி, மூடியைத் தொடுவதில்லை.