அக்கா ஊர்க் கண்மாய் மீன்

அதைக் கண்மாய் என்று சொல்லவே எனக்கு இப்போது நாக்கூசுகிறது. அக்கா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது, அம்புட்டுத் தண்ணீர். பிறகு பைபாஸ் ரோட்டுக்காக நடுவில் மண்ணைக் கொட்டினார்கள். ரோடு வந்ததும் வடபாதியில் பிளாட் கற்கள் நட்டார்கள். கல் நட்ட இடத்தில் இன்று அடுக்குமாடிகள். விளம்பரப் பலகையில் நீலத் தண்ணீரும் வாத்தும் வரைந்து வைத்திருக்கிறான், வெட்கங்கெட்டவன். அத்தனை மாடிகளின் கக்கூஸ் தண்ணீரும் மிச்சப் பாதியில்தான் வந்து விழுகிறது. கரையெல்லாம் கோழிக்கழிவு மூட்டை.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்பது அங்கே வழக்கம். அன்றைய மீனை விற்கக் கூடாது. சொந்தபந்தத்தை அழைத்து ஆக்கிப்போட வேண்டும். அக்கா என்னைத்தான் அழைப்பாள். அப்பாவும் அம்மாவும் போனபின் எங்களுக்குள் மிஞ்சியிருக்கும் போக்குவரத்து அந்த ஒருவேளைச் சாப்பாடுதான். அதற்காகவே மூக்கைப் பொத்திக்கொண்டு போய்வந்தேன்.

போன கோடையிலும் போன் வந்தது. "கண்மாயில மீன் பிடிக்கிறாக. வந்துரு தம்பி."

பசுமலையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர மதியமாகிவிட்டது. கண்மாய்க்குள் ஒரு ஆளைக் காணோம். பிடித்து முடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு செப்டிக் டேங்க் லாரி மட்டும் குழாயை உள்ளே விட்டுக் காலிசெய்துகொண்டிருந்தது. பக்கத்தில் டிரைவர் சாவகாசமாக வடை தின்றுகொண்டிருந்தான். அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். நாற்றம் வாய்க்குள் போனதால் உடனே மூடிக்கொண்டேன்.

அக்கா இலை நிறைய வறுத்த கட்லாவை வைத்து, சோற்றில் குழம்பை ஊற்றினாள். வேண்டாமென்றால் அவள் முகம் சுண்டிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். முதல் துண்டில் சோப்பு வாசம், அடுத்ததில் பினாயில். 

"எப்படிடா இருக்கு?"

"கண்மா மீனுன்னா கண்மா மீனுதான்க்கா" என்றேன், கண்ணில் நீர் முட்ட.

கை கழுவப் போனபோது மச்சான் பின்னாலேயே வந்தார். "மாப்ள, எதுக்கு இம்புட்டுக் கஷ்டப்பட்டுத் திங்கிற? இது கடையில வாங்குன மீனு. கண்மா மீன நாய்கூட மோந்து பாக்காது. ஊர்ல மீன்பிடியெல்லாம் நிப்பாட்டி மூணு வருசமாச்சு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வருடமாக நல்ல மீனையா குமட்டிக் குமட்டித் தின்றேன்? நேரே அடுப்படிக்குப் போய், "எதுக்குக்கா இந்தப் பொய்?" என்று கேட்டேன்.

அக்கா குழம்புச் சட்டியை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை.

"கண்மா செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் நீ எதுக்குடா வரப்போற?"