குழந்தை அறையின் திரைச்சீலை

புது வீட்டில் பேயா என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான். இடிந்த பங்களா என்றால் நம்பலாம்; பெயின்ட் வாசனைகூடப் போகாத வீட்டில் எது வந்து குடியிருக்கும்? ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், எனக்கே நடந்தது.

நான் திரைச்சீலை தைப்பவள். என் வீட்டுக்காரர் கம்பி மாட்டுவார், நான் துணி மாட்டுவேன். அன்று ஒரு டீச்சரின் புது வீட்டில் வேலை. டீச்சர் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். குழந்தையோடு வருவதற்குள் வீடு தயாராக வேண்டும். மாடியில் குழந்தைக்கென்று ஒரு சின்ன அறை, அதற்குப் பால் நிறத் திரை. கீழே ஹாலில் என் வீட்டுக்காரர் டிரில் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

புது வீட்டுத் தரையை நம்பக் கூடாது. ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். அதனால் திரையின் அடிமடிப்பை நான் முன்கூட்டித் தைப்பதில்லை. தொங்கவிட்டு, தரையோடு அளந்து மடித்து, வரிசையாகக் குண்டூசி குத்துவேன். துணி ஆடினால் அளவு தப்பும். ஜன்னலைச் சாத்தினேன். கதவையும் சாத்தினேன்.

க்ளக்.

அப்போதுதான் பார்த்தேன். கதவில் கைப்பிடி இல்லை. பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும். போனோ கீழே பையில். கெட்டிக்காரிதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். டிரில் நின்றதும் கூப்பிட்டால் போயிற்று. உதட்டில் ஏழெட்டுக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு திரைக்கு முன் மண்டியிட்டேன்.

பாதி தூரம் குத்தியிருப்பேன்.

டிக்.

இடது கோடியில் ஓர் ஊசி தரையில் கிடந்தது. சரியாகக் குத்தவில்லை போல. மறுபடி குத்தினேன்.

டிக்... டிக்.

இந்த முறை பார்த்துவிட்டேன். ஊசி துணிக்குள் மெல்லப் பின்னால் போனது... மறைந்தது... விழுந்தது. அந்தப் பக்கமிருந்து யாரோ உருவுகிறார்கள்.

திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் இடம்தான். ஒரு பூனைகூட நிற்க முடியாது.

கத்த வேண்டும். வாய் நிறைய ஊசி. துப்பினேன். ஒன்று உதட்டைக் கீறியது. எழுந்து கதவுக்கு ஓடினேன்.

"என்னங்க! கதவத் திறங்க!"

கீழே டிரில் அலறியது.

ஓட்டைக்குள் விரலை விட்டு இழுத்தேன். அசையவில்லை. உள்ளங்கை வலிக்கத் தட்டினேன்.

என் ஜடை பின்னால் இழுபட்டது.

மெதுவாக... வலிக்காமல்.

பிறகு விட்டது.

சர்ர்... சர்ர்...

நான் தினமும் கேட்கிற சத்தம். துணிக்குள் நூல் ஓடும் சத்தம்.

திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

டிரில் நின்றது.

"என்னங்க...!"

அவர் மேலே வந்து ஓட்டையில் திருப்புளியை விட்டுத் திருகினார். "கைப்பிடி இல்லாத கதவ யாராவது சாத்துவாங்களா?" என்று சிரித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு ஓடியவள் தெருவில் வந்துதான் நின்றேன். கலைந்த தலையை அள்ளிக் கொண்டை போட்டேன். அன்றிரவே காய்ச்சல். படுத்த படுக்கையாகிவிட்டேன்.

காய்ச்சல் விட்ட அன்று டீச்சர் போன் செய்தார்.

"ஸ்க்ரீன் பிரமாதம். ஆனா பால் கலர் துணிக்கு ஏன் கறுப்பு நூல் போட்டீங்க?"

"நான் தைக்கவே இல்லையே டீச்சர். ஊசிதான் குத்தினேன்."

"வெளையாடாதீங்க. பொடிப் பொடித் தையல், மெஷின்லகூட இப்படி வராது. என்ன, பாதியில நிக்குது. நூல் பத்தலையா?"

என் கை கொண்டைக்குப் போனது. அவிழ்த்தேன். இடுப்பைத் தாண்டியிருந்த ஜடை ஒரு சாண் ஏறியிருந்தது. நுனி நேராக, கத்தரித்தது போல.

"பாப்பாவ இப்பத்தான் அந்த ரூம்ல தூங்க வெச்சேன். தல நெறைய முடி அவளுக்கு. வந்து பாருங்க, அசந்துடுவீங்க..."

"தூக்குங்க டீச்சர்! பாப்பாவ வெளிய தூக்கிட்டு வாங்க!"

அவர் ஓடும் சத்தம் கேட்டது. குழந்தை வீறிட்டது. வெகு நேரம் கழித்துத்தான் டீச்சர் பேசினார். குழந்தைக்குக் காயம் எதுவும் இல்லையாம்.

பின்னந்தலையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, முடி இல்லையாம்.