எஸ்கோ எழுதாத ஓநாய்கள்

பனி விழுந்து ஓய்ந்த மறுநாள் காலை எஸ்கோ கோர்த்தலைனனின் போன் அடித்தால் விஷயம் ஒன்றாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் தன் வேலியோரம் பெரிய கால்தடம் பார்த்திருப்பார். பாதி நேரம் அது பக்கத்து வீட்டு நாயாக இருக்கும். அதற்காக எஸ்கோ யாரையும் கேலி செய்ததில்லை. மடக்கு அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு, சறுக்குப் பலகைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஹார்மாவாரா வட்டாரத்தில் ஓநாயோ கரடியோ நடந்துபோனால், அதன் தடத்தை அளந்து படமெடுத்து அரசாங்கப் பதிவில் ஏற்றும் ஆள் இருபத்திரண்டு வருடமாக அவர்தான். சம்பளம் கிடையாது. வேட்டைச் சங்கம் ஒரு கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிற்று, அவருக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான் நியமனம்.

அதற்கு முன்பு காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டினார். முதுகு போனதும் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி ரைலி அதிகம் பேசுகிறவள், இவர் கேட்டுக்கொண்டிருப்பவர், ஆகவே குடும்பம் சச்சரவில்லாமல் ஓடியது.

ஓநாய்த் தடம் பார்ப்பது லேசான காரியம் இல்லை. ஆறு ஓநாய்கள் வரிசையாக நடந்தாலும் பனியில் ஒன்றின் தடம்தான் இருக்கும். முன்னால் போவது வைத்த இடத்திலேயே பின்னால் வருவதும் காலை வைக்கும். ஏதாவது ஒரு திருப்பத்தில், விழுந்த மரத்தைச் சுற்றும்போது அவை பிரியும். அதுவரை பின்னாலேயே போனால்தான் எத்தனை என்று தெரியும். சில நாள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். எஸ்கோ போவார். பாதியில் திரும்பி "ஒன்று" என்று எழுதிவைக்க அவருக்குக் கை வராது. வேட்டைக்காரர்கள் அவர் குறைத்து எழுதுகிறார் என்றார்கள், ஓநாய்க்காகப் பரிந்து பேசுகிற நகரத்துக்காரர்கள் கூட்டி எழுதுகிறார் என்றார்கள். ஆனால் இரண்டு தரப்பும் சண்டை போட்டது எஸ்கோ கொடுத்த எண்ணிக்கையை வைத்துத்தான்.

அவரும் வேட்டைக்காரர்தான், அதை மறந்துவிடக் கூடாது. முப்பத்தைந்து இலையுதிர் காலங்கள் அவர் மூஸ் மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். சதுப்பு நிலத்தின் ஓரத்தில், பட்டுப்போன ஒரு பைன் மரத்தடியில் அவர் நிற்கும் இடம். வேறு யாரும் அங்கே நின்றதில்லை. நாய் தூரத்தில் மானை மறித்து நிறுத்திக் குரைக்கும், ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். மாலையில் கொட்டகையில் மானை உரித்துப் பங்கு போடும்போது பேச்சும் சிரிப்பும். எஸ்கோவுக்கு ஊரில் இருந்த நட்பு, மரியாதை எல்லாம் அந்தக் கொட்டகைக்குள்தான்.

வேட்டையாடக் காடு வேண்டும், காடு தனியாருடையது. எங்கள் பக்கம் அதற்குக் குத்தகைப் பணம் வாங்கும் வழக்கம் இல்லை. நிலக்காரர்கள் தங்கள் காட்டைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். சங்கம் வருடம் ஒருமுறை அவர்களை உட்காரவைத்து மூஸ் சூப் ஊற்றும். உருளைக்கிழங்கும் கேரட்டும் இறைச்சியும் பெரிய அண்டாவில் கொதிக்கும், கறுப்பு ரொட்டி இருக்கும், காபி இருக்கும். நிலக்காரர்களுக்குத்தான் முதல் பந்தி. அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள்.

ஹெல்வி சாரேலைனன் கையெழுத்துதான் இதில் முக்கியம். மருந்துக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். அவருடைய முந்நூறு ஹெக்டேர் காடு ஊருக்கு நட்டநடுவில் கிடந்தது. மூஸ் வேட்டைக்கு அனுமதி கேட்க ஒட்டினாற்போல் ஆயிரம் ஹெக்டேர் காட்ட வேண்டும். ஹெல்வியின் காடு போனால் மிச்ச நிலம் இரண்டு துண்டாகிவிடும், சங்கம் இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த அக்டோபரில் ஹெல்வியின் காட்டுக்குள் சங்கத் தலைவன் பென்த்தி முஸ்தோனனின் நாயை ஓநாய் அடித்தது. பென்த்தியும் எஸ்கோவும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஹால்லா என்ற அந்தச் சாம்பல் நிற நாய் வட்டாரத்திலேயே முதல்தரமானது. அது குரைத்துக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. மான் நகர்ந்துவிட்டது போலும் என்று பென்த்தி கால் மணி நேரம் காத்திருந்தான். போய்ப் பார்த்தபோது கழுத்துப்பட்டையும் முதுகெலும்பும் கொஞ்சம் தோலும் கிடந்தன. வந்து அளந்து "ஓநாய்" என்று எழுதியது எஸ்கோதான். பென்த்தி கழுத்துப்பட்டையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவன் அழுததை எஸ்கோ பார்த்தார், பார்க்காத மாதிரி அளவுகோலை மடக்கினார்.

நவம்பர் சூப் விருந்தில் ஹெல்வி எழுந்து நின்று இரண்டு விஷயம் சொன்னார். தன்னுடைய மூத்த காட்டை, நூற்றைம்பது வருட மரங்கள் நிற்கும் பகுதியை, நிரந்தரப் பாதுகாப்புக்கு எழுதிவைக்கப் போகிறார். இனி அதில் கோடாரி படாது. வேட்டைக்குத் தடையில்லை, கையெழுத்துப் போடுவார். ஆனால் அங்கே வந்து தங்குகிற ஓநாய் உயிரோடு இருக்க வேண்டும்.

கொட்டகை இரண்டுபட்டது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிலர், இன்று இவர் காடு, நாளைக்கு எங்கள் காட்டிலும் மரம் வெட்டாதே என்பார்கள் என்று பொருமினார்கள். ஓநாய்க்கு விடுதி கட்டுகிறார் என்றான் ஒருவன். அவரவர் காடு அவரவர் இஷ்டம் என்று முனகியவர்களும் உண்டு, சத்தமாகச் சொல்லத்தான் துணிவில்லை.

"ஓநாய் உயிரோட இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் ஹெல்வி? வாசல்ல வந்து சொல்லுமா?" என்றான் பென்த்தி.

"எஸ்கோ எழுதுவான். அவன் எழுதற வரைக்கும் நானும் கையெழுத்துப் போடுவேன்."

எல்லோரும் எஸ்கோவைப் பார்த்தார்கள். அவர் சூப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஹெல்வி அங்கேயே பேனாவை வாங்கி ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

நிலக்காரர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சங்கத்துக்காரர்கள் பேசினார்கள். தடம் பார்த்தால் இனி யாரும் சொல்லக் கூடாது, யாரும் எழுதக் கூடாது என்று முடிவானது. எழுதினால் ஹெல்வியின் காடு வரைபடத்தில் ஓநாய்க் காடாக ஏறிவிடும், பிறகு நமக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்கள் வாதம். ஹெல்வி கேட்டால் எழுதியாயிற்று என்று சொன்னால் போதும், அவர் பதிவைத் தேடிப் பார்க்கப் போவதில்லை என்றார்கள்.

எஸ்கோவுக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. "எழுதலைன்னா இங்க ஓநாயே இல்லைன்னு ஆயிடும்டா. அப்புறம் சுடறதுக்கு அனுமதி எப்படிக் கேப்ப?"

"இருபத்திரண்டு வருஷமா எழுதினியே, எத்தனை அனுமதி வந்துது?" என்று கேட்டான் பென்த்தி.

ஒரே ஒருமுறை வந்தது. அதுவும் பனி விழுவதற்குள் காலாவதியானது.

"எழுதணும்னா எழுது. உன்னை யாரு தடுக்கறா. ஆனா அடுத்த வருஷம் அந்தச் சதுப்போரம் வேற ஆள் நிப்பான்."

பென்த்தி மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எஸ்கோ பயந்துபோனார். அறுபத்து மூன்று வயதில் அந்தப் பட்டுப்போன பைன் மரத்தடி இல்லாமல் ஓர் இலையுதிர் காலத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நானாக இருந்தால் எழுதியிருப்பேன் என்று இப்போது ஊரில் நிறையப் பேர் சொல்கிறார்கள். அன்றைக்குக் கொட்டகையில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் போன் அடித்தபோதெல்லாம் எஸ்கோ "நாயாத்தான் இருக்கும்" என்றார். அளவுகோல் ஆணியில் தொங்கியது. ஆனால் கால் சும்மா இருக்குமா? ஜனவரியில் ஒருநாள் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு ஹெல்வியின் மூத்த காட்டுக்குள் சறுக்கிக்கொண்டு போனார். ஒற்றை வரிசையாகத் தடம் கிடந்தது. ஓடைத் திருப்பம்வரை தொடர்ந்தார். அங்கே தடம் விசிறிபோல் பிரிந்தது. ஆறு ஓநாய்கள். முன்னால் போன பெண் ஓநாய் ஒன்றுக்குப் போன இடத்தில், பனியில் சிவப்பாக இரண்டு சொட்டு. அது இணை சேரும் பருவத்துக்கு வந்துவிட்டது, மே மாதம் குட்டி இருக்கும். எஸ்கோவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது, ஹால்லாவை அவரும் நேசித்தவர்தான். பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். விரிக்காமலேயே திரும்ப வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஹெல்வி கூப்பிட்டார். தன் வண்டிப்பாதையில் தடம் பார்த்ததாகச் சொன்னார்.

"நானும் பார்த்தேன். ஆறு இருக்கு," என்றார் எஸ்கோ. அதையாவது மறைத்திருக்கலாம், முடியவில்லை.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

ரைலி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனை வைத்த பிறகும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி அவள் பேசாமல் இருந்தது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மார்ச் தொடக்கத்தில் மறுபடி போனார். காட்டைச் சுற்றி மோட்டார் பனிவண்டித் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, மூன்று நான்கு வட்டம். உள்ளே ஓநாய்த் தடங்கள் வரிசையில் இல்லை. பனியில் வயிறு புதையப் புதைய ஆளுக்கொரு திசையில் பாய்ந்திருந்தன. எல்லாவற்றையும் பனிவண்டி துரத்தியிருந்தது. ஏரியோரம் ஓரிடத்தில் யாரோ பனியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு மிதித்திருந்தார்கள். எஸ்கோ மண்டியிட்டுக் கையால் தோண்டினார். இளஞ்சிவப்புப் பனி வந்தது, அதில் கொத்தாக முடி.

அங்கிருந்தே வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்தது ஒரு பெண், பொறுமையாகக் கேட்டாள். எத்தனை ஓநாய் என்றாள். ஆறு என்றார். கணினியில் தேடுகிற சத்தம் கேட்டது.

"உங்க பக்கம் இந்த வருஷம் கூட்டம் இருந்ததாப் பதிவே இல்லையே. அக்டோபர்ல ஒரு நாய் செத்தது, அதோட சரி. அங்க பதிவு பண்றவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறீங்களா?"

"நான்தான் அது," என்றார் எஸ்கோ.

அவள் அவர் பெயரைக் குறித்துக்கொண்டாள். பிறகு, முடியை அனுப்பச் சொன்னாள். அது ஓநாய் முடிதான் என்று பதில் வந்தது. செத்தது அந்தப் பக்கமாகக் கடந்துபோன ஓநாய் ஒன்று, கொன்றது அடையாளம் தெரியாத ஆள் என்று ஒரு வழக்குப் போட்டார்கள், கோடைக்குள் மூடிவிட்டார்கள். மற்ற ஐந்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை. இல்லாத கூட்டம் எப்படிக் காணாமல் போகும்?

போன் செய்த மறுநாள் எஸ்கோ பென்த்தியின் வீட்டுக்குப் போனார். பென்த்தி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கதவோரம் ஹால்லாவின் கயிறு இன்னும் மாட்டியே இருந்தது.

"ஆறையும் முடிச்சிட்டீங்களாடா?"

"எந்த ஆறு?"

"தெரியாத மாதிரிப் பேசாத பென்த்தி. ஹெல்வி காட்டு ஓநாய்ங்க."

பென்த்தி கோடாரியைக் கட்டையில் ஊன்றினான். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. களைத்துப்போனவன் மாதிரி இருந்தான். "எங்க எழுதியிருக்கு? காட்டு, பாக்கறேன்."

பென்த்தி அடுத்த கட்டையை எடுத்து வைத்தான்.

செய்தி ஹெல்விக்கு எட்ட ஒரு வாரம் ஆனது. அவர் நேரே வீட்டுக்கு வந்தார். ரைலி காபி ஊற்றி இலவங்கப்பட்டை ரொட்டி எடுத்து வைத்தாள். ஹெல்வி கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, குத்தகைத் தாளை மேஜைமேல் வைத்தார். நவம்பரில் போட்ட தன் கையெழுத்தின்மேல் கோடு இழுத்து அடித்திருந்தார்.

"எழுதிட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நாய் போச்சு, ஆத்திரம் இருந்துது. உன்மேலயும் கோவம் இல்லை எஸ்கோ. இனிமே யாரைக் கேக்கறதுன்னுதான் தெரியல."

காபியைத் தொடாமல் எழுந்து போனார். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் ஊற்றிய காபியைத் தொடாமல் போவது சாவு வீட்டில்கூட நடக்காது. ரைலி அந்தக் கோப்பையைக் கழுவாமல் சாயங்காலம்வரை அப்படியே விட்டிருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஹார்மாவாராவில் மூஸ் வேட்டை நடக்கவில்லை. சங்கம் இரண்டு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்தது. இளைய ஆட்கள் நாலு பேரை மட்டும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பென்த்தி வேறு நாய் வாங்கவில்லை, துப்பாக்கியை விற்றுவிட்டான் என்று பேச்சு. கடையில் எஸ்கோவைப் பார்த்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அலுவலகத்துக்குப் போன் செய்ததை அவன் மன்னிக்கவில்லை. ஆக எஸ்கோ எழுதாமல் காப்பாற்றிக்கொண்ட இடமும் போயிற்று. ஹெல்வியின் காட்டைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று மஞ்சள் பலகைகள் அடித்தார்கள். மரங்கள் நிற்கின்றன. உள்ளே ஒன்றும் நடமாடவில்லை.

முதல் பனி விழுந்ததும் எஸ்கோ போகத் தொடங்கினார். போன் அடிப்பதில்லை, இவராகவே காலையில் போய்விடுவார். ஓடைத் திருப்பம்வரை, ஏரிக்கரைவரை, எல்லைக் கல்வரை பார்ப்பார். முயல் தடம் இருக்கும், நரித் தடம் இருக்கும். ரைலி போகாதே என்று சொல்லிப் பார்த்தாள், பிறகு பிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

டிசம்பரில் ஒருநாள் ஓடைத் திருப்பத்தில் நின்று கையுறையைக் கழற்றினார். போனில் பதிவுப் பக்கத்தைத் திறந்தார். இடம் போட்டார், தேதி போட்டார், விலங்கு ஓநாய் என்று போட்டார். எத்தனை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பினார். எண்ணிக்கையைச் சரிசெய்யவும் என்று சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது. விரல் விறைத்துப்போயிருந்தது. வாயில் வைத்து ஊதிச் சூடாக்கிக்கொண்டு, மறுபடியும் பூஜ்யம் போட்டார்.