நிர்மலாவின் சட்டைப்பை

கரும்பு வெட்டப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். கரும்பின் காய்ந்த இலையான சோகை கையைக் கிழிக்காது, அதன் சுணை உடம்பில் ஏறாது. நிர்மலா போட்டிருந்ததும் அவள் புருஷன் மாயவனின் சட்டைதான். ஆனால் அவள் சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு களிம்பு டியூப் இருக்கும். அதனால் வெட்டுக்கூட்டத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்று பட்டப்பெயர். வடக்கனந்தலைச் சுற்றிப் பதினைந்து வருடமாகக் கிராமச் செவிலியராக அலைகிற எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரியும்.

அவள் கெட்டவள் இல்லை. கூட்டத்தில் யார் காலில் முள் ஏறினாலும் முதலில் உட்கார்ந்து எடுக்கிறவள் அவள்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தியின் சட்டை வியர்வையில் ஊறிவிட்டால், வேலை முடிந்த இன்னொருத்தி தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பாள். சட்டையோடு படர்தாமரையும் கை மாறியது. நிர்மலாவின் இடுப்பில் வட்டம் வட்டமாக வந்தபோது, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே அந்த டியூப்பைக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மறுமாதம் அதே வட்டம் இரண்டு மடங்காகத் திரும்பியது. மறுபடியும் டியூப். கல்வராயன் மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வருகிறவர்கள்கூட அவளிடம்தான் வாங்கித் தடவினார்கள்.

“அது அரிப்பத்தான் அமுக்கும், பூஞ்சைய சாவடிக்காது” என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். “சட்டைய சுடுதண்ணில ஊற வச்சித் தோச்சி வெயில்ல காய வையி. ஒருத்தர் துணிய இன்னொருத்தர் போடாதீங்க. குளிச்சா மடிப்புல ஈரம் இல்லாம தொடைக்கணும். டாக்டர் குடுக்குற மருந்த ஆறு வாரம் விடாம போடு.”

“ஆறு வாரமா? இது ரெண்டு நாள்ல கேக்குதே சிஸ்டர்!” என்று சிரித்தாள்.

கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் அவளுக்குப் பிறந்தவள் அபிநயா. வயலோரம் வேப்பமரத்தில் தூளி கட்டி, வெயில் படாமலிருக்க மேலே அந்தச் சட்டையைப் போர்த்துவாள். குழந்தையின் தொடை இடுக்கு சிவந்தபோது என்னிடம் காட்டவில்லை. திட்டுவேன் என்ற பயம். மூன்று வேளையும் டியூப்பைத் தடவி, மேலே துணியை இறுக்கிக் கட்டினாள். அப்படியே நான்கு மாதம் போனது.

குழந்தையின் கன்னம் உப்பத் தொடங்கியது. கொழுகொழுவென்று இருக்கிறாளே என்று எல்லோரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். “கண்ணு பட்டுடப் போவுதுடி” என்று கூட வெட்டும் குஞ்சம்மாள் கன்னத்தில் மை வைத்துவிட்டாள். நானும் எடை போட்டுப் பார்த்து, “சபாஷ், நல்லா தேத்திட்டடி” என்றேன். அதைச் சொன்ன வாயில் இப்போது நானே அறைந்துகொள்ளலாம்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு வந்தபோதுதான் துணியை முழுதாக அவிழ்த்தேன். முகமும் வயிறும்தான் உப்பியிருந்தன, கையும் காலும் குச்சி. நெற்றியெல்லாம் பூனைமயிர். தொடைத்தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து நரம்பு தெரிந்தது. வட்டங்கள் முதுகுவரை ஏறியிருந்தன. நாங்கள் கொஞ்சியது சதையை அல்ல, மருந்து உள்ளே இறங்கி வந்த வீக்கத்தை.

“இன்னாத்தடி போட்ட இதுக்கு?”

சட்டைப்பையிலிருந்து டியூப்பை எடுத்து நீட்டினாள். “இதத்தான் சிஸ்டர். அரிப்புல பாப்பா அழுதுக்கினே இருந்திச்சி, இன்னா பண்றது?”

அந்த வகைக் களிம்புகளிலேயே மிகக் கடுமையான ஸ்டீராய்டு அது. பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தேன். “இன்னையோட சரி. இனிமே ஒரு சொட்டு இவ மேல படக் கூடாது” என்று கத்தினேன். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.

“இன்னும் நாலு நாள்ல வெட்டு முடிஞ்சிடும். முடிஞ்சதும் இட்டுக்கினு போறேன் சிஸ்டர்” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

மாதக்கணக்கில் அந்த மருந்துக்குப் பழகிய உடம்பில் அதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். கோபத்தில் மறந்தேன். முதல்முறையாக நிர்மலா நான் சொன்னதை அப்படியே கேட்டாள்.

நாலாம் நாள் காலையில் மாயவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே வேலைச் சட்டையோடு நிர்மலா. குடித்த பாலெல்லாம் வாந்தி, கழுத்து நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை நிர்மலா குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, களிம்பு தடவிய கதையையும் கேட்டுக்கொண்டு திரும்பினார். “அந்த க்ரீமைத் திடீர்னு நிறுத்தச் சொன்னது யாரு?”

நிர்மலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“யாரும் சொல்லலங்க. நாந்தான் நிறுத்தினேன். சிஸ்டர் அன்னிக்கே இங்க போவச் சொன்னாங்க, எனக்குத்தான் புத்தி இல்ல.”

டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்குச் சேர வேண்டிய திட்டு அது. இருபத்து நான்கு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் உள்ளே போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபிநயா அசையாமல் கிடந்தாள்.

நிர்மலா மெதுவாக அந்தச் சட்டையைக் கழற்றிச் சுருட்டினாள்.

“சுடுதண்ணி எங்க கெடைக்கும் சிஸ்டர்?” என்று என்னிடம் கேட்டாள். “பாப்பா கண்ணு முழிக்கறதுக்குள்ள இத தோச்சி வச்சிடறேன்.”