என் பெயரில் இருந்த கார்

இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்த நன்மையை மூடிவைக்க மனம் வரவில்லை. விசுவாசக் குடும்பமாகிய நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் இராஜபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. போன ஐப்பசியில் ஒருநாள் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியையோடு இரண்டு போலீஸ்காரர்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் ஒரு கார் நம்பரைச் சொல்லி, "இது உங்க வண்டியாம்மா?" என்று கேட்டார்.

"வித்துட்டேனே சார்" என்றேன்.

"ரெக்கார்டுல உங்க பேருதான் இருக்கு. நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல ஆடு ஓட்டிட்டுப் போன ஒரு பெரியவர இடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கு. ஸ்டேஷன் வரைக்கும் வாங்க."

நான் ஜீப்பில் ஏறும்போது பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். "டீச்சரப் போலீஸ் கூட்டிட்டுப் போவுது" என்று ஒரு பிள்ளை அழுதது. எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடினால் குற்றவாளி என்றே நினைப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஓட்ட ஆளில்லாமல் கார் வாசலில் கிடந்ததால் விற்கச் சொன்னார். படம் எடுத்து இணையத்தில் போட்டேன். மம்சாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முருகன், தன் மனைவி மாரியோடு வந்து வாங்கிப் போனார். பெயர் மாற்றும் பாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "அடுத்த வாரமே மாத்திருதேன் டீச்சர்" என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன். கணவர் போனில் "பேரு மாத்தியாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "ஆச்சு" என்றேன். அலையச் சோம்பல்பட்டுச் சொன்ன பொய். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டரம்மா மரியாதையாகத்தான் பேசினார். "வித்ததுக்கு எழுதி வாங்குனது ஏதாச்சும் இருக்கா?" என்றார். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. முருகனின் போன் அணைந்து கிடந்தது. "நாளைக்குக் காலைல அந்த ஆளோட வாங்க. இல்லைன்னா உங்க மேலதான் வந்து நிக்கும்" என்று அனுப்பிவைத்தார்.

பஸ் பிடித்து மம்சாபுரம் போனேன். கடை பூட்டியிருந்தது. "எங்கயோ வெளியூரு போயிட்டாவளே" என்றார்கள் பக்கத்தில். கணவர் போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. என்ன சொல்லி எடுப்பது?

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெபித்தேன். "ஆண்டவரே, என் பெயரைக் காப்பாற்றும். பள்ளிக்கூடத்தில் நான் தலைநிமிர வேண்டும். சபையில் என்னைப் பற்றிப் பேசாதபடி செய்யும்." வழி முழுவதும் இதே ஜெபம்தான். அரசு மருத்துவமனை நிறுத்தத்தில் பஸ் நின்றது. அடிபட்டவரை அங்கேதான் சேர்த்திருப்பதாக ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். அத்தனை ஜெபத்தில் அவருக்காக ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. இறங்கிவிட்டேன்.

விசாரித்து வார்டுக்குள் போனேன். தலையில் கட்டோடு அவர் நினைவில்லாமல் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி முத்தம்மாள்.

"யாரும்மா நீங்க?"

"ஜெபம் பண்ண வந்தேன்."

"பண்ணுங்க தாயி. இன்னும் கண்ணு முழிக்கல."

கண்ணை மூடினேன். யாரென்று மறைத்துக்கொண்டு எப்படி ஜெபிப்பது? கண்ணைத் திறந்து, "அம்மா, இவரை இடிச்ச கார் என் பேர்லதான் இருக்கு. நான் ஓட்டல. வித்தேன், ஆனா பேரு மாத்தாம விட்டுட்டேன்" என்றேன்.

அந்த அம்மா புருஷனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இவியளுக்குப் பேரு அய்யனாரு. பேரச் சொல்லி வேண்டிக்கோங்க" என்றார்.

அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். என் பெயருக்காக அந்த நேரம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்தால், தூணோரம் தூக்குவாளியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முருகனின் மனைவி மாரி. என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விடப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"வண்டிய அவியதான் ஓட்டுனாவ டீச்சர். பயந்துபோயி சங்கரன்கோவில்ல எங்க அக்கா வீட்ல இருக்காவ. இந்த அம்மாவுக்குக் கஞ்சி கொண்டாந்தேன். உள்ள போவ முடியல."

நடந்ததைச் சொன்னேன். தன் அக்காவுக்குப் போன் போட்டு, புருஷனிடம் கொடுக்கச் சொன்னாள். "உங்களால டீச்சரப் பள்ளிக்கூடத்துல வந்து போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்கு. வந்து நில்லுங்க. வரலைன்னா நானே போயிச் சொல்லிருவேன்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்குவாளியோடு உள்ளே போனாள்.

மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குப் போனபோது முருகன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். நான் கையெழுத்துப் போட்ட பாரங்கள் மடிப்புக் கலையாமல் அவர் கையில் இருந்தன. நான் அந்த நிறுத்தத்தில் இறங்காமல் போயிருந்தால் மாரியைப் பார்த்திருக்கவே மாட்டேன். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். எனக்குத் தெரியும்.

அந்த வாரத்திலேயே அய்யனார் கண் விழித்தார். கால் இன்னும் சரியாகவில்லை. ஆடுகளை மகன்தான் மேய்க்கிறான். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கேஸுகூடப் பெருசில்ல. நீ எங்கிட்ட ஆச்சுன்னு சொன்னியே, அதான்" என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது.

தலைமையாசிரியை காலை வணக்கக் கூட்டத்தில் என்மேல் தப்பில்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். தப்பு இருந்தது என்று எனக்கும் என் தேவனுக்கும் தெரியும். இப்போது ஜெபிக்கும்போது அடுத்தவர் பெயரைச் சொல்லாமல் என் காரியத்தைத் தொடங்குவதில்லை. சனிக்கிழமைதோறும் முத்தம்மாள் வீட்டுக்குப் போய்வருகிறேன். போகும்போதெல்லாம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த அம்மா பாய் விரித்து உட்காரச் சொல்கிறார்.

அன்பானவர்களே, வெட்கம் தீர்ந்த பிறகு ஜெபிக்கலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள். அந்த வெட்கத்தோடேயே அவரிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.