மஞ்சள் காய்ச்சல் ஊசியும் நான் போகாத கென்யாவும்

கென்யா என்பது முதலில் என் யோசனை. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட ஜெனிக்கு நான்தான் சொன்னேன். ஆகஸ்டில் இருவரும் போவதாக இருந்தோம். அங்கே சில பகுதிகளில் மஞ்சள் காய்ச்சல் பரவுவதாகச் செய்தி வந்ததும், முதலில் ஊசி, பிறகுதான் டிக்கெட் என்று முடிவு செய்து, போன செவ்வாய்க்கிழமை சென்னைக்குக் கிளம்பினோம்.

நான் சதுரங்கப்பட்டினம், ஜெனி கருங்குழி, அலுவலகம் ஒன்று. செங்கல்பட்டு வழியாக அவள் எனக்கு முன்பே மாமல்லபுரம் வந்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் இரண்டு ஆஃப்பாயிலை விழுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முட்டை ஆகாது. ஒரு துண்டு கேக் போதும், உதடு வீங்கி மூச்சு இழுக்கும். இதை எல்லோரிடமும் விளக்கப் பிடிக்காமல் அலுவலகத்தில் 'சைவம்' என்று சொல்லிவைத்திருக்கிறேன். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதுக்குள் சாதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

மாமல்லபுரத்திலிருந்து திருவான்மியூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். முட்டுக்காடு பாலத்தில் கடல் தெரிய வேண்டுமானால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். அன்று அதை ஜெனி பிடித்துக்கொண்டாள். இறங்கி, தடுப்பூசி மையத்துக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"இன்னா மேடம், ஒரு ஊசிக்கா இவ்ளோ தூரம் வந்துகினு கீறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"ஆப்பிரிக்கா போறோம்ண்ணா. அங்க கொசு கடிச்சா ஜுரம் வருமாம்," என்றாள் ஜெனி.

"கொசு கடிக்கவா டப்பு குட்த்து ஏரோப்ளேன் ஏறணும்? நம்ம வூட்டாண்ட வந்து குந்துங்க, ஓசில கடிக்கும்."

"சிங்கமும் பாப்போமில்ல."

"சிங்கம் வண்டலூர்லயே கீதே."

மையத்தில் மருத்துவர் வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா, கர்ப்பமா, முட்டை அலர்ஜியா.

"இவ வெஜ், டாக்டர். முட்டையே தொடமாட்டா," என்று எனக்கும் சேர்த்து ஜெனியே பதில் சொன்னாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இந்த மருந்தைக் கோழி முட்டையில் வளர்க்கிறார்கள் என்று படித்திருந்தேன். படித்தும்தான் வந்திருந்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் ஊசியும் கிடைக்கும், கென்யாவும் கிடைக்கும், மூச்சு மட்டும் என்ன ஆகுமோ தெரியாது. ஜெனி கையை நீட்டினாள், போட்டார்கள், அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. செவிலியர் என் பக்கம் திரும்பினார்.

"நான் சைவம் இல்ல, டாக்டர். முட்டை ஒத்துக்காது. மூச்சு இழுக்கும்."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். ஊசி கிடையாது. ஒவ்வாமை என்று கடிதம் தரலாம். ஆனாலும் திரும்பும்போது இங்கே விமான நிலையத்தில் சில நாள் தனிமையில் வைக்கக்கூடும். "அதவிட, நோய் பரவுற நேரத்துல ஊசி இல்லாம போகாதீங்கம்மா," என்றார்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்கிறார்கள். ஜெனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மீனு, கோழில்லாம்?"

"வீட்ல தின்னுவேன்."

"அடிப்பாவி. உனக்கோசரம் மூணு வருஷமா ஆபீஸ்ல தயிர்சாதத்த தின்னுகினு கீறேன்."

சிரித்தோம். 'நீ வரலன்னா நானும் போகல' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கையில் ஊசி போட்டதற்கான புதிய மஞ்சள் அட்டை இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்தபடி கேட்டாள்: "உன் பைனாகுலர எடுத்துனு போவட்டாடி?"

திரும்பும் வழி முழுக்க, ஊசியின் பக்க விளைவாக லேசான காய்ச்சல் வரலாம் என்று படித்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வரட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் போன் செய்தாள், கைகூட வலிக்கவில்லையாம்.

போகிறவர்களுக்கு: சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். மையங்களில் தினமும் போடுவதில்லை. முன்பதிவு செய்யுங்கள், பாஸ்போர்ட் அசல் கொண்டுபோங்கள். உடம்புக்கு ஆகாததை உடன் வருபவரிடம் டிக்கெட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஜெனி டிக்கெட் போட்டுவிட்டாள். பைனாகுலரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது அது என் மேசைமேல்தான் இருக்கிறது.