குங்குமத்துக்கு அடியில் ஒரு ரசீது: சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சனிக்கிழமை

காஞ்சிபுரம் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி: கோயிலா, பட்டா? எழுபத்தொன்றாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் நான் போனது இரண்டுக்கும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அரபுப் பாலைவனத்தில் காணாமல் போன ஒரு தபால் பையை விசாரிக்கப் போனேன். சிரிக்காதீர்கள். என் மேலதிகாரி ஏற்கெனவே சிரித்துவிட்டார்.

அப்போது சென்னையில் ஒரு தபால் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. மணியார்டர் வரவில்லை, பார்சல் பிரிந்திருந்தது என்று வரும் கடிதங்களைப் படித்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்து வருஷம் அதையே செய்தால் வீட்டில் காபியில் சர்க்கரை குறைந்தால்கூட யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அந்தப் பிரிவுக்குத்தான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரதன் என்ற நெசவாளியின் கடிதம் வந்தது. 'எங்கப்பா பையைத் திருடவில்லை. அதற்கு ரசீது இருக்கிறது. யாராவது வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.' மேலதிகாரி அதைக் குப்பைக் கூடையில் போட்டார். நான் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இரக்கத்தால் அல்ல. இதில் என்ன தில்லுமுல்லு என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு.

பாரிமுனையில் காலை ஆறேகாலுக்குப் பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய் இருபது பைசா. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர். சில்லறை பிறகு தருகிறேன் என்ற கண்டக்டரை இறங்கும்வரை கண்ணால் விரட்டிக்கொண்டே இருந்தேன். எட்டு ஐம்பதுக்குக் காஞ்சிபுரம். சில்லறையைக் கேட்காமலே கொடுத்துவிட்டார், எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

பஸ் நிலையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் மூன்று கிலோமீட்டர். சைக்கிள் ரிக்‌ஷா ஒரு ரூபாய் கேட்டது, முக்காலுக்குப் படிந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் தாண்டி நெசவாளர் தெரு, வரதன் வீடு என்றேன்.

"டப்பால்காரர் வூடா? ரெண்டு தடவ நிறுக்கிற வூடுன்னு சொல்லு சார், எல்லாருக்கும் தெரியும்."

என்ன அது என்று கேட்டேன். மிதித்துக்கொண்டே சொன்னார். முதலாளி வீட்டில் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்து முடித்த சேலை திரும்ப வரும்போதும் எடை போடுவார்கள். எல்லோருக்கும் ஒரு தடவை. அந்த வீட்டுக்கு மட்டும் போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை. "அவுங்க அப்பா வெள்ளக்காரன் பைய அடிச்சிக்கினு வந்துட்டாராமே. அதான்." எனக்கு உடனே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஐம்பது வருஷமாக ஒரு தெருவே சந்தேகப்படுகிறது என்றால் அதில் ஏதாவது இருக்காதா?

வரதனுக்கு ஐம்பதை ஒட்டி வயது. நெற்றியில் பளிச்சென்று நாமம். தறிக்குழியிலிருந்து ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்ன கதை இது. முதல் யுத்தத்தின்போது பட்டு வேலை நின்றுபோய், அவர் அப்பா பட்டாளத்தோடு அரபு நாட்டுத் துறைமுகமான பஸ்ராவுக்குப் போனார், தபால் ஓட்டக்காரராக. யுத்தம் முடிந்த பிறகும் அங்கேயே இருந்தார். ஒட்டகத்தில் பையைக் கட்டிக்கொண்டு பாலைவனம் தாண்ட வேண்டும். ஒரு நாள் வழியில் ஒரு ஷேக்கின் ஆட்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு காகிதத்தைத் திணித்தார்கள். அதைக் கொண்டுபோய் முகாம் அதிகாரியிடம் காட்டினார்.

"தொர அத்த பாத்துட்டு, இது வெறும் தாயத்துடா, வச்சிக்கோன்னு சொல்லிட்டாராம். அப்புறம் பைய நீதான் தொலைச்சன்னு வேலைய வுட்டு தூக்கிட்டாங்க. அப்பா அத்த தாயத்துன்னே நம்பிட்டாரு சார். தறி மேல ஒட்டிட்டாரு."

அங்கேதான் இந்த ஊர்க்காரர்களால் மட்டுமே முடிகிற காரியம் நடந்திருக்கிறது. தறியில் இருப்பது எதுவானாலும் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அந்தக் காகிதத்துக்கும் வருஷம் தவறாமல் பொட்டு. அட்டையில் ஒட்டிய காகிதத்தை எடுத்துக் காட்டினார். மேலே அரபியில் நான்கு வரி, கீழே ஒரு முத்திரை, நடுவில் ஐம்பது வருஷத்துக் குங்குமம் செங்கல் மாதிரி ஏறியிருந்தது.

எனக்குள் இருந்த புகார்ப் பிரிவு விழித்துக்கொண்டது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சரியாகக் குங்குமமா? நல்ல வசதிதான். இதை ரசீது என்று யார் சொன்னது என்று கேட்டேன். தெருவில் யாரையோ பார்க்க வந்த ஒரு ஹஜ்ரத், போன பூஜையன்று பார்த்துவிட்டுச் சொன்னாராம். சரி, கூட்டாளியும் இருக்கிறான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஹஜ்ரத்தை அழைத்து வந்தார்கள். பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பவர், மெலிந்த மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே இருந்த நான்கு வரியை விரலால் தொடாமல் வாசித்தார். சர்க்காருடைய பை ஒன்று, முத்திரை உடையாமல், எங்கள் ஆட்கள் கையில் இருக்கிறது. வழிக்குரிய மரியாதை எங்களுக்கு வரும்வரை வைத்திருப்போம்.

நான் சட்டென்று காகிதத்தின் பக்கம் குனிந்தேன். ஏனென்றால் இதை ஒரு நெசவாளியோ ஹஜ்ரத்தோ ஜோடிக்க முடியாது. பழைய தபால்களைப் பற்றிப் படிப்பது என் பொழுதுபோக்கு என்பதால் எனக்குத் தெரியும். அந்தப் பாலைவன வழிக்கு வெள்ளைக்காரர்கள் ஷேக்குகளுக்கு வருஷா வருஷம் வெகுமதி கொடுத்தார்கள், காகிதம் 'மரியாதை' என்பது அதைத்தான். ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்து ஷேக்குக்குக் கோபம் வரும். பாலைவனத்துக்கு அந்தப் பக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களிடமோ, எங்கள் வழி பத்திரமானது, உங்கள் தபாலையும் இதிலேயே அனுப்புங்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு ஷேக் பையைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஒத்துக்கொண்டால் பேச்சே முறிந்துவிடும். பையை ஓட்டக்காரன் தொலைத்தான் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு குடும்பத்தைத் தவிர.

அப்படியும் என் புத்தி போகவில்லை. "பேரைப் பார்க்காம நான் எழுத முடியாது. வேற எவனாவது ஓட்டக்காரனுக்குக் கொடுத்ததா இருக்கலாமே" என்றேன்.

"ஈரத்துணியால ஒத்தினா குங்குமம் வரும். மையும் வந்துடும் ஜனாப்" என்றார் ஹஜ்ரத். "வேணாமே."

வரதன் என்னையே பார்த்தார். "பாத்தாதான் எழுதிக் குடுப்பீங்களா?"

ஆமாம் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ஹஜ்ரத் துணியை நனைத்துப் பிழிந்து, மெல்ல வைத்து எடுத்தார். மூன்றாவது ஒற்றலில் எழுத்து தெரிந்தது. கறுப்பாக, இரண்டு வரி. அவர் அவசரமாக வாசித்தார், எங்களுக்கும் புரியத் தமிழில் சொல்லிக்கொண்டே.

"பேர் எழுதல. ஹிந்துலேர்ந்து, அதான் நம்ம இந்தியாலேர்ந்து வந்தவன். நெத்தியில ரெண்டு வெள்ளைக் கோடு, நடுவுல ஒரு செவப்புக் கோடு. பைய வுடமாட்டேன்னு ஒட்டகத்தோட கழுத்த கட்டிக்கினான். அவன் மேல குத்தம் இல்ல."

அதற்குள் மை நீரில் கரைந்து ஓடியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வரியும் ஒரு சாம்பல் கறையாகிவிட்டது. வரதன் காகிதத்தைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "கழுத்த கட்டிக்கினாரா" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். பாலைவனத்துத் தபால் முகாமில் நாமம் போட்டுக்கொண்டு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. தீர்ந்த கையோடு ஆதாரமும் தீர்ந்தது.

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதறது அப்புறம் சார். மொதல்ல மொதலாளி வூட்டாண்ட வந்து ஒரு தரம் வாயால சொல்லுங்க" என்றார்.

முதலாளி வீடு அடுத்த தெருவில். மதியம் மூன்று மணி. கூடத்தில் தராசு தொங்க, நாலைந்து நெசவாளிகள் ஜரிகைக்குக் காத்திருந்தார்கள். முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நீங்க சொல்ற வரி எங்க சார் இருக்குது?"

"அழிஞ்சு போச்சு. நாங்க மூணு பேரும் பார்த்தோம்."

"பாத்தீங்க. செரி" என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷமாக நான் புகார்தாரர்களிடம் பேசுகிற குரல் அது. சத்தியம்கூடச் செய்து பார்த்தேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

வரதனின் முறை வந்தது. முதலாளி ஜரிகையைத் தட்டில் வைத்து நிறுத்தார், சரியாக இருந்தது. எடுத்தார். மறுபடி தட்டில் வைத்தார். வேண்டுமென்று செய்தாரா, பழக்கத்தில் கை போனதா, தெரியாது.

வரதன் குனிந்து தட்டிலிருந்து ஜரிகையைத் தன் கையால் எடுத்துக்கொண்டார். முள் ஆடி நிற்கவில்லை.

"ஒரு தபா நிறுத்தது போதும்பா. இல்லாட்டி உன் ஜரிகய நீயே வச்சிக்கோ."

 முதலாளி கையை நீட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வரதன் ஜரிகையோடு படியிறங்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். பஸ் கட்டணமும் நேரமும் அந்தக் காலத்தவை, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமலே திரும்பினேன். தறி இருக்கும் வீட்டுக்குள் போனால் செருப்பை வாசலிலேயே விடுங்கள். யாராவது பழைய காகிதம் காட்டினால் முதலில் போட்டோ எடுங்கள், அழுக்கைத் துடைக்கச் சொல்லாதீர்கள். தேவைப்பட்டால் அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்து பத்து பஸ்ஸில் திரும்பினேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் வரதனின் கடிதத்தின் பின்பக்கம், 'விசாரித்தேன். ஓட்டக்காரர் மீது குற்றமில்லை' என்று எழுதி, என் பெயரையும் பதவியையும் போட்டு, அவருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்கு எனக்கு அதிகாரமும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷ வேலையில், ஆதாரம் எதுவும் கையில் இல்லாமல் நான் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு காகிதத்தில்தான்.